செண்டு வெளியில் மூன்று நாள்

அரபுக் கல்லூரியொன்றில் முப்பது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வரும் நாம், கோல்ஃப் என்னும் ஆட்டத்திற்காக ஓர் உல்லாசப் பயணம் வகுத்துக் கொடுத்தோம் என்றால் நம்மை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். நம் மாணவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், நம்பவே மாட்டார்கள். ஆயினும் நடந்தது நடந்ததுதான்.

2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரில் நம் மகளுக்கு ஆண் மகவு பிறந்தது. பிரசவத்தை ஒட்டி நாமும் நம் துணைவியாரும் அங்குச் சென்றிருந்தோம். மருமகன் வேறு யாருமல்லர். நம் ராத்தாவின் மகனே. ஆகவே ராத்தாவும் மச்சானும் வந்து சேர்ந்தார்கள். சிறிய வீடு, நான்கு முதியவர்கள், ஒரு பச்சிளங்குழந்தை. மருமகன் மருத்துவமனையிலிருந்து களைத்து வருவார். வந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் உலவுவார். நாற்பது கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தது. ஒருநாள் இரவு அவர் நம்மிடம் வந்து அமர்ந்தார்.

“மாமா, நீங்கள் உம்ராவுக்கு ஐம்பது பேரை அழைத்துப் போய் ஒருவர் செருப்புக்கூடத் தொலையாமல் கொண்டு வந்து சேர்த்தவர். எனக்கு மூன்று நாள் விடுப்பு இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் ஆட வேண்டும். வாப்பாவையும் அழைத்துப் போக வேண்டும். எந்த நாள், எந்தத் திடல், எவ்வளவு செலவு என்று நீங்களே ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள். நான் உட்கார்ந்து யோசித்தால் தூங்கிவிடுவேன்.”

நம் மகள் உள்ளிருந்து, “வெள்ளிக்கிழமை போனால் திங்கட்கிழமை இரவு வீட்டில் இருக்க வேண்டும். அதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள், வாப்பா” என்றாள். குரலில் பாதி கேலி, பாதி கண்டிப்பு.

நம் முதல் எண்ணம் மறுப்பாகவே இருந்தது என்பதை ஒளிப்பானேன்? பந்தொன்றைக் குழியில் தள்ளுவதற்காகப் பெரும் நிலப்பரப்பை வேலியிட்டு வைத்துக்கொண்டு, வாயிற்காவலனை நிறுத்தி, உள்ளே சிலர் உலவுவதும் வெளியே பலர் பார்த்து நிற்பதுமே இந்த ஆட்டம் என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படி எண்ணியதற்குக் காரணமும் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

எதையும் அறியாமல் மறுப்பது கற்றோர்க்கு அழகன்று என்பதால் குறிப்பேட்டை எடுத்தோம். முதலில் சொல்லில் நின்றோம். ஆசிரியர்க்கு அது நோய். அரபியில் ‘ஸவ்லஜான்’ என்றொரு சொல் உண்டு. பாரசீகத்தின் ‘சவ்கான்’ அரபு உடை அணிந்து வந்த வடிவம் அது. குதிரை மீதிருந்து பந்தடிக்கும் வளைந்த கோலுக்குப் பெயர். அரசர் கையில் ஏந்தும் செங்கோலுக்கும் அதுவே பெயர். விளையாட்டுக் கோல் எப்படி ஆட்சிக் கோலாயிற்று என்று மாணவர்களைக் கேட்டுக் களிப்பது நம் வழக்கம். தமிழிலும் பந்துக்குச் செண்டு என்று பெயருண்டு. குதிரை செலுத்தும் திடலுக்குச் செண்டுவெளி என்றனர் முன்னோர். கோல்ஃபில் குதிரை இல்லை. ஆனாலும் கோலும் பந்தும் வெளியும் மூன்றும் இருக்கின்றன. இதற்குமேல் பொருத்தம் தேடக்கூடாதென்று நிறுத்திக்கொண்டோம்.

டண்டீயிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பதின்மூன்று மைல் அளவே. டே ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தின் மேல் 1966இல் திறக்கப்பட்ட நெடும்பாலத்தைக் கடந்தால் பேருந்து நேரே கொண்டு சேர்க்கும். அந்த ஊருக்கு இரயில் இல்லை. இருந்த பாதையும் 1969இல் மூடப்பட்டது. அருகிலுள்ள நிலையம் லூக்கர்ஸ். மருமகனிடம் கார் இருந்ததால் இவை நமக்கு வேண்டாத செய்திகளே. ஆயினும் குறிப்பேட்டில் எழுதினோம். கார் கெடாது என்பதற்கு யார் பிணை?

அடுத்து, நிலம் யாருடையது என்று தேடினோம். இங்கேதான் நம் எண்ணம் முதன்முதலாக ஆட்டம் கண்டது. செயின்ட் ஆண்ட்ரூஸின் கடலோரத் திடல்கள் எந்தச் சங்கத்தாருக்கும் சொந்தமானவை அல்ல. ஊர்ப் பொது நிலம். 1974இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளையொன்று ஏழு திடல்களையும் நிர்வகிக்கிறது. உலகெங்கும் பெயர் பெற்ற பழைய திடல் உட்பட ஏழும் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடக்கூடியவை. ஊர்வாசி ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டிவிட்டு ஆண்டு முழுவதும் ஆடுகிறார். அயலாரிடம் வாங்குவது மட்டும் கனமான தொகை.

இந்தப் பொது உரிமை எளிதில் நிலைத்ததன்று. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், மக்கள் வில்வித்தையை மறந்து பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்று கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தனர். தடை நாளடைவில் தளர்ந்தது. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த மணல்வெளியில் முயல் வளர்க்க அனுமதி பெற்றபோது எழுதப்பட்ட ஆவணத்தில், கோல்ஃப் ஆடவும் பிற விளையாட்டுகள் ஆடவும் ஊராருக்குள்ள உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. முயலும் பந்தும் ஒரே ஏட்டில் நுழைந்தன. பின்னால் அவை மோதிக்கொண்டதும் அதே மண்ணில்தான். 1797இல் கடனில் மூழ்கிய நகரமன்றம் நிலத்தைக் கைவிட்டது. அது முயல் வளர்க்கும் வணிகரிடம் போயிற்று. முயல்கள் திடலெங்கும் வளை தோண்டின. ஆடுவோர் நீதிமன்றம் ஏறினர். ஊரார் தடியெடுத்து முயலை அடித்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821இல் பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை வாங்கி ஆட்டக்காரர்க்கு ஆறுதல் அளித்தார். 1894இல் நகரமே அதைத் திரும்பப் பெற்றது. வக்பு நிலங்களுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய நம் ஊர்ப் பெரியவர்களை எண்ணிக்கொண்டு இதைப் படித்தோம்.

அந்த நிலத்தின் தன்மையும் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கடல் பின்வாங்கிய மணலின் மேல் மெல்லிய புல் படர்ந்த மேடுபள்ளம், உழவுக்கு உதவாது, ஆடு மேய்க்க மட்டும் ஆகும். அவர்கள் அதை ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். நம் கடற்கரை ஊர்ப்புறத்துத் தேரியின் மேல் பசும்புல் முளைத்ததாக எண்ணிக்கொண்டால் போதும். குளிர்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மேட்டின் அடிவாரத்தில் மணலைப் பறித்துப் படுத்த இடங்களே இன்று ‘பங்கர்’ எனப்படும் மணற்பள்ளங்கள் ஆயின என்பர்.

ஆனால் பழைய திடலில் ஆடுவதற்கு விரும்பினால் மட்டும் போதாது. திறமைக்கு அடையாளமான ஹாண்டிகேப் சான்று வேண்டும். அதன்மேல் குலுக்கல் உண்டு. பல இடங்கள் முன்னரே விற்றுப்போகும். எஞ்சியவற்றுள் பெரும் பங்கு, ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலுக்கு விடப்படுகிறது. குறைந்தது இருவராகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். கட்டணமோ, அந்தக் கோடையில் ஆளுக்கு முந்நூறு பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. நான்கு மணி நேர நடைக்கு முப்பதாயிரம்! நாம் பேனாவை வைத்துவிட்டோம்.

மருமகன் சிரித்தார். “மாமா, குலுக்கலில் விழுந்தால் என் பத்து ஆண்டுக் கனவு. விழாவிட்டால் உங்கள் முப்பதாயிரம் மிச்சம். இரண்டில் எது நடந்தாலும் வீட்டில் ஒருவர் மகிழ்வார்.” அவருடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் திங்கட்கிழமை மட்டும் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடாயிற்று. இருவர் பெயரும் குலுக்கலுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பழைய திடலில் ஆட்டமே இல்லை. பெரும் போட்டிகள் நடக்கும் காலம் தவிர, அன்று அது பூங்கா. ஊரார் நாயோடும் பிள்ளைவண்டியோடும் அதன் நடுவே உலவுகிறார்கள். திங்கட்கிழமை ஆட்டத்துக்கான குலுக்கல் சனிக்கிழமையே முடிந்துவிடும். நாற்பது ஆண்டுக்காலம் திடலைக் காத்த டாம் மாரிஸ், ஆடுவோருக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்று கருதினாராம். நியாயம்தானே? நிலத்துக்கும் ஒரு விடுமுறை நாள்.

மற்ற ஆறு திடல்களையும் ஒவ்வொன்றாக எடைபோட்டோம். ‘புதிய திடல்’ என்பது 1895இல் திறந்தது. நூற்று முப்பது ஆண்டை நெருங்கிய பின்னும் அதற்குப் புதியதென்றே பெயர். பழையதை ஒட்டியே ஓடுகிறது. அதே காற்று, அதே மணல். கட்டணம் பாதிக்கும் குறைவு. முன்கூட்டியே இடம் பிடிக்கலாம். ஊர்க்காரர்கள் பலர் அதையே விரும்பி ஆடுகிறார்கள் என்று கேள்வி. விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக 1897இல் திறந்த ‘ஜூபிலி’ கடலுக்கு மிக அருகில் உள்ளது, காற்று கடுமை. ‘ஈடன்’ 1914இல் ஹாரி கோல்ட் அமைத்தது. ‘ஸ்ட்ராத்டைரம்’ 1993இல் வந்தது, எளிது, மலிவு. ‘காஸில்’ 2008இல் ஊருக்கு வெளியே கடற்பாறையின் மேல் திறக்கப்பட்டது. காட்சி அழகு, ஏற்ற இறக்கம் அதிகம். மச்சானின் முழங்கால்களை நினைத்து அதை அடித்துவிட்டோம்.

ஏழாவது ‘பால்கோவ்’. ஒன்பதே குழிகள். சிறுவர்க்கும் புதிதாகக் கற்பவர்க்கும் உரியது. ஹாண்டிகேப் சான்று கேட்பதில்லை. மருமகன் அதன் பெயரைப் பார்த்து, “இது எதற்கு மாமா? குழந்தைகளின் திடல்” என்றார். “இருக்கட்டும், ஞாயிறு மாலைக்கு” என்றோம். ஏன் எழுதினோம் என்று சொல்லவில்லை.

சொல்லாததன் காரணம் இது. 2009இல் மச்சானும் நாமும் சென்னையிலிருந்து ஊருக்கு இரயிலில் வந்துகொண்டிருந்தோம். மருமகனுக்கு மருத்துவக் கல்லூரியில் தேர்வு முடிந்திருந்த சமயம். விழுப்புரம் கடந்தபின் பெட்டியில் அனைவரும் உறங்கிவிட்டனர். மச்சான் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் பேசினார். அவருடைய வாப்பா நீலகிரியில் சிறு பெட்டிக்கடை வைத்திருந்து நொடித்துப்போனவர். பதினோரு வயதிலிருந்து பதினான்கு வரை மச்சான் அங்கே ஒரு கிளப்பில் கோல்ஃப் பை சுமந்தார். ‘கேடி பாய்’ என்பார்கள். தம் உயரத்தில் முக்கால் உயரமுள்ள பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையிலும் பனியிலும் நடந்தார். எந்தப் பந்து எங்கு விழும், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஈரத்தில் பந்து எவ்வளவு உருளும் எல்லாம் அறிந்திருந்தார். ஆனால் மட்டையைத் தொட்டு ஒரு பந்தை அடிக்க உரிமையில்லை. ஒருநாள் துரை ஒருவரின் புதுப் பந்து காணவில்லை. மச்சான் எடுத்துவிட்டார் என்றனர். மற்ற சிறுவர்கள் பார்க்க, மழையில் நிறுத்தி, சட்டையையும் கால்சட்டையையும் உதறிக் காட்டச் செய்தனர். பந்து பிறகு அந்தத் துரையின் பையின் அடியிலேயே இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் மச்சான் மலையிறங்கியவர், மண்ணடியில் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கிச் சொந்தக் கடை வரை வந்தார். ராத்தாவுக்கே அவர் சொன்னதில்லை. “ஆலிம்சா, இது உங்களோடு இருக்கட்டும்” என்றார். அமானத்தாக வைத்துக்கொண்டோம்.

அந்த மனிதரின் மகன்தான் வேறொரு நாட்டில், ஒன்றும் அறியாமல், இந்த ஆட்டத்தில் மையல் கொண்டிருந்தார். மச்சான் அதைக் கேட்டு ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. ‘நல்லது’ என்பார், பேச்சை மாற்றுவார்.

திட்டம் ஏறக்குறைய முடிந்த இரவு மருமகன் மகிழ்ச்சியோடு ஒரு சேதி சொன்னார். “மாமா, ஒரு கேடியையும் அமர்த்திவிடுவோம். அங்கே கேடிகள் பெரிய அனுபவசாலிகள். நான் கையை வீசிக்கொண்டு நடக்க, ஒருவர் என் பையைச் சுமந்து பின்னால் வருவதை வாப்பா பார்க்க வேண்டும். மண்ணடியில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் அல்லவா? அவர் கண் குளிரட்டும்.”

நமக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவருடைய அன்பில் குறையேதுமில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் கேடி என்பது மதிப்புள்ள தொழில் என்பதையும் நாம் படித்திருந்தோம். டாம் மாரிஸ் போன்ற மேதைகள் அந்தத் தொழிலோரின் நடுவிலிருந்தே எழுந்தவர்கள். ஆனால் மச்சானின் கண்ணுக்கு முன் அவர் மகனின் பையை இன்னொருவர் சுமந்து வருவது கண்குளிரும் காட்சியாகுமா, நாம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் தடுப்பது எப்படி? செலவைக் காட்டித் தடுத்தோம். “கட்டணத்தோடு கேடிக்குத் தனிக் கூலி, அதன்மேல் வெகுமதி, இது இஸ்ராஃப்” என்று கடுமையாகவே சொன்னோம். மருமகனின் முகம் வாடிற்று. “ஒருநாள்தானே மாமா” என்றார். நாம் இறங்கவில்லை. அவர் நம்மைக் கஞ்சர் என்று எண்ணியிருப்பார், எண்ணட்டும். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. செலவு நம் கவலையன்று. செலவென்று சொன்னது உண்மையுமன்று. அமானத்தைக் காக்கப் பொய்யின் ஓரத்தில் கால் வைத்தோமோ என்னும் உறுத்தல் விடியும்வரை இருந்தது. அந்த நாட்டுக் கோடையில் விடியலும் சீக்கிரமே வந்துவிடும்.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புறப்பட்டோம். தங்கிய விடுதி சாதாரணமானது; அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மாலையில் தேவாலய இடிபாட்டின் மதிலுக்குள் இருக்கும் அடக்கத்தலத்தைப் பார்த்தோம். தந்தை டாம் மாரிஸும் மகன் டாம் மாரிஸும் அங்கே அடங்கியிருக்கின்றனர். தந்தை நான்குமுறை ஓப்பன் போட்டியில் வென்றவர். மகன் 1868, 1869, 1870 மூன்றாண்டும் தொடர்ந்து வென்றார். 1871இல் போட்டி நடக்கவில்லை. 1872இல் மீண்டும் வென்றார். 1875 செப்டம்பரில் கடலுக்கு அப்பால் நார்த் பெரிக்கில் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு பந்தய ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, பேறுகால வேதனையில் மனைவி கிடக்கிறாள் என்று தந்தி வந்தது. படகேறினர். வந்து சேருமுன் தாயும் சேயும் மறைந்திருந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகனும் மறைந்தார். வயது இருபத்து நான்கு. தந்தை 1908 வரை வாழ்ந்தார். இதைப் படித்துச் சொன்ன மருமகன், சட்டென்று தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். பிள்ளை உறங்குகிறானா என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை புதிய திடல். 6,600 கஜத்துக்கு மேல் நீளம். மருமகன் சக்கரவண்டியில் பையை இழுத்துக்கொண்டார். மச்சான் உடன் நடந்தார். முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாம் பின்னால் சென்றோம். மேற்குக் காற்று பந்தைக் கண்டபடி அலைத்தது. முதல் சில குழிகளில் மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விருந்தாளி போல் வந்தார். நான்காவது குழியில் மருமகனின் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அவர் அடித்து வெளியேற்றிவிட்டு நடந்தார். மச்சான் நின்றார், அங்கிருந்த வாரியை எடுத்தார், மகனின் காலடித் தடம் ஒன்றுகூடத் தெரியாமல் மணலை வாரிச் சமன் செய்தார், வாரியை அது இருந்த இடத்திலேயே வைத்தார். ஐம்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் கைகள் மறக்கவில்லை. மருமகன் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் நிற்கும் இடமே மாறிற்று. மகன் பந்தைக் குழியில் தள்ளக் குனியும்போது, தம் நிழல் அந்தப் பாதையில் விழாமல் ஒதுங்கி நின்றார். அசையாமல், காசை எண்ணாமல், இருமாமல் நின்றார். பதினொன்றாவது குழியில் மருமகன் வெகுநேரம் குனிந்து பார்த்துத் தயங்கினார். பத்தடித் தொலைவு இருக்கும். மச்சான் மெல்லச் சொன்னார்: “இடப்பக்கம் இரண்டு குழி அகலம். மெதுவாக. கடைசியில் தானே திரும்பும்.”

மருமகன் அப்படியே தள்ளினார். பந்து மெல்ல உருண்டு, நின்றுவிடுமோ என்று தோன்றிய இடத்தில் வலப்பக்கம் சாய்ந்து உள்ளே விழுந்தது. அவர் மகிழ்ச்சிக் கூச்சலிடவில்லை. நிமிர்ந்து தம் வாப்பாவைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். நாம் கடற்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மாலையில் குலுக்கல் முடிவு வந்தது. பெயர் இல்லை. நண்பரின் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு மருமகன், “உங்கள் முப்பதாயிரம் தப்பித்தது மாமா” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கேடியைப் பற்றியும் பேசவில்லை.

இடையே ஒரு சிறு செய்தி. இந்த ஆட்டத்தின் பந்து முன்பு தோலுறைக்குள் அவித்த இறகுகளைத் திணித்துச் செய்யப்பட்டது. தேர்ந்த கைவினைஞரும் நாளுக்குச் சிலவே செய்ய முடியும். விலையோ எளியவர்க்கு எட்டாது. 1848 அளவில் மலாயாக் காட்டு மரப்பிசினால் பந்து செய்யத் தொடங்கினர். அதன் பெயரே ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. விலை சரிந்தது, எளியவர் கைக்கும் பந்து வந்தது. பினாங்குக்குக் கப்பலேறிய நம் ஊர் மூத்தோர் எத்தனை பேர் அந்தப் பிசின் மூட்டைகளைத் துறைமுகத்தில் கண்டிருப்பார்களோ! விடுதியில் தேநீர் அருந்தும்போது இதை நாம் சொன்னோம். மச்சான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பந்தின் விலை எப்போதும் பெரிய விஷயம்தான், ஆலிம்சா” என்றார்.

ஞாயிறு காலை பழைய திடலில் ஊரோடு ஊராக நடந்தோம். திடலின் குறுக்கே பொதுச் சாலையொன்று செல்கிறது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஒரு கிழவி நாயை அவிழ்த்துவிட்டிருந்தாள். பிள்ளைகள் பட்டம் விட்டனர். இரண்டு குழிகளுக்குப் பொதுவாக ஏழு பெரும் பச்சைத்தளங்கள் உள்ளன. அப்படிச் சேர்ந்த எந்த இரு குழிகளின் எண்ணையும் கூட்டினால் பதினெட்டு வரும் என்பதை மச்சானிடம் காட்டினோம். வணிகருக்குக் கணக்குப் பிடிக்குமல்லவா! இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று அவர் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார்.

சிற்றோடையின் மேலுள்ள ஸ்வில்கன் கற்பாலம் மிகச் சிறியது. படங்களில் பார்த்தவர்கள் ஏமாறுவர். அதன் கைப்பிடிச் சுவரில் மச்சான் கை வைத்து நின்றார். “இங்கே வேலி எங்கே?” என்று கேட்டார். “வேலி இல்லை வாப்பா” என்றார் மருமகன். சற்று நேரம் ஓடை நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குப் பதினோரு வயதில்...” என்று மச்சான் தொடங்கினார்.

நாம் விலகி நடந்தோம். அவர் எவ்வளவு சொன்னார், எதை விட்டார் என்பது நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது இருவரும் பாலத்தின் மேலேயே நின்றிருந்தனர். படமெடுக்க வந்த ஒரு குடும்பம் அவர்களுக்காகக் காத்து நின்றது.

பிற்பகல் முழுவதும் மருமகன் பேசவில்லை. நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதனால்தான் கேடி வேண்டாமென்றீர்களா?” ஆம் என்றோம். “பால்கோவும் அதனால்தானா?” அதற்கும் ஆம் என்றோம்.

மாலை ஏழு மணிக்கும் அங்கே வெயில் இருந்தது. மச்சான் முதலில் மறுத்தார். எழுபது வயதில் சிறுவர் நடுவே நின்று என்னால் ஆகாது என்றார். திடலில் அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் தாத்தாவும் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தனர். மருமகன் ஒரு மட்டையை உருவித் தம் வாப்பாவின் கையில் கொடுத்தார். மச்சான் அதைப் பிடித்த முறையைக் கண்டு மருமகன் திருத்த வாயெடுத்து, திருத்த ஒன்றுமில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் அடி மண்ணில் பட்டது. இரண்டாவது அடியில் பந்து எழும்பி, வெகுதூரம் இல்லாவிட்டாலும் நேராகப் போயிற்று. மச்சான் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் சக்கரவண்டியை எடுத்துவரவில்லை. பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு, வாப்பாவுக்கு இரண்டடி பின்னால் நடந்தார். தாம் ஒரு பந்தும் அடிக்கவில்லை. நாம் ஓரத்தில் நடந்துகொண்டே, திங்கட்கிழமைக்கு எழுதிவைத்த ஜூபிலித் திடலைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டு, மீண்டும் பால்கோவ் என்று எழுதினோம். மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி இரவுக்குள் வீடு சேர்வதற்கும் அதுவே வசதி.

மூன்றாவது குழியை நெருங்கும்போது மச்சான் நின்று திரும்பினார்.

“பையை அப்படிப் போடாதே. வாரை இன்னும் ஒரு துளை இறுக்கு. கையை மேலே வைத்துக்கொள். நடக்கும்போது மட்டைகள் சத்தம் போடக்கூடாது.”

“சரி வாப்பா” என்று சொல்லிவிட்டு மருமகன் வாரை இறுக்கினார்.